யார் காலில் நடந்து பார்த்தீர்கள்?

இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஐம்பத்தேழு வயதுப் பெண் ஒருவர் மாடிப்படி ஏறுவதை எங்கள் குடியிருப்பில் நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கேன் போடுகிறவரும் அங்கேதான் இருந்தார். "வாணாம் மேடம், குடுங்க, நான் எட்த்துக்கினு வரேன்" என்று பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தார்.

அன்று காலை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்திருந்தார்கள். கேன், சிலிண்டர் தூக்கி வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது, தரை கீறலாகிறது என்று. எல்லோரும் தலையாட்டியாயிற்று. நான் அக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண் மட்டும் எழுந்தார். "ஒரு நிமிஷம். நடந்து பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் கேனை இறக்கி வைத்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு மாடி இருக்கு. தலைவர் சார், நீங்க கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?"

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர். சிரித்துக்கொண்டே நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மேடம், எனக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு."

"அவருக்கு என்ன வெச்சிருக்குன்னு கேட்டீங்களா?" என்று கேன்காரரைக் காட்டினார் அக்கா.

அந்த விதி அன்றே செத்தது. லிஃப்டுக்குள் ஒரு பழைய ரப்பர் விரிப்பைப் போட்டார்கள். இன்றும் கிடக்கிறது.

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் முதலில் கேட்பது, "என்னைக் கேட்டீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் சாலையில் எங்கள் குடியிருப்பு. எனக்கு எதிர்வீடு அவர். தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற மறுமாதமே வீட்டைக் கொடுத்துவிட்டுத் தங்கையோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது என்னிடம் ஒரு தொட்டிச் செடியையும், பாதி தீர்ந்த ஒரு சாக்பீஸ் டப்பாவையும் தந்தார். சாக்பீஸைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அவருடைய வேலை, சட்டமாகப் போகும் மசோதாக்களை எழுதுவது. துறைகள் அனுப்பும் குறிப்பை எடுத்துக்கொண்டு, பிரிவு, உட்பிரிவு என்று வகுத்து, எழுதித் திருத்தி, அச்சுக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவர். காலை எட்டு மணி வண்டியில் தாம்பரத்தில் இருவரும் ஏறுவோம். வண்டி புறப்படும் இடம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். நான் எழும்பூரில் இறங்கிவிடுவேன். அதுவரை பேச்சு.

நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றி ஒரு சொல் வராது. பொதுவாகப் பேசுவார். ஒரு நாள் நான் கேட்டேன், "சட்டம் போடறதுக்கு ரொம்ப நாள் ஆகும் இல்லக்கா?"

"எழுத நாள் ஆகும். போடறதுக்கு ஆகாது."

"புரியலையே."

"மூணு படி இருக்கு. முதல்ல அறிமுகம். அப்புறம் ஆய்வு, ஒவ்வொரு பிரிவா எடுத்துப் பேசணும். அப்புறம் நிறைவேத்தறது. மூணும் வேற வேற நாள்ல நடக்கணும்னுதான் ஆரம்பத்துல வெச்சாங்க, நடுவுல யோசிக்க நேரம் இருக்கட்டும்னு. எந்தச் சபையையும் எடுத்துக்கோங்க, எந்த ஊரா வேணா இருக்கட்டும், கூட்டத்தொடர் முடியற நாள்ல மூணு படியையும் ஒரே தாவா தாவிடுவாங்க. நாம எட்டு மணி வண்டிக்கு ஓடற மாதிரி."

"மெம்பருங்க படிக்கறதில்லையா?"

இந்தக் கேள்விக்கு அவருக்குக் கோபம் வரும். "அவங்க மேல பழி போடறது ரொம்ப ஈசி. காலைல ஒரு கட்டு மேசைக்கு வருது. சாயங்காலம் கை தூக்கணும். கடவுளே மெம்பரா வந்தாலும் படிக்க முடியாது. ஒரு சினிமாவுக்கு டிக்கெட் புக் பண்ற யோசனைகூட ஒரு மசோதாவுக்குக் கிடைக்கறதில்ல." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எழுதற நாங்க மட்டும் என்னவாம்? எழுதறவங்க யாரும் அந்தச் சட்டத்துக்காக ஜனங்க நிக்கற வரிசையில நிக்கப் போறதில்ல. அதான் விஷயம்" என்றார்.

வருடா வருடம் அவர் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்புவார். இரண்டே பக்கம். அதில் மூன்று கோரிக்கைகள். மசோதா ஏழு நாளாவது உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மசோதாவின் முதல் பக்கமாக, எளிய தமிழில் 'ஒரு நாள்' என்ற தலைப்பில் ஒரு தாள் வேண்டும்: இந்தச் சட்டம் வந்தபின் இது யார் மேல் படுமோ அந்த ஆளின் ஒரு நாள், காலையிலிருந்து மாலைவரை எப்படிப் போகும் என்று. சட்டம் வந்து ஒரு வருடம் கழித்து, நினைத்தது நடந்ததா என்று அதே சபையில் ஓர் அறிக்கை வைக்க வேண்டும். குறிப்பு ஒவ்வொரு முறையும் 'பார்த்தேன்' என்ற ஒரு சொல்லோடும் சுருக்கொப்பத்தோடும் திரும்பி வரும். அதற்காக அவர் முகம் வாடி நான் பார்த்ததில்லை. "பாத்தாங்களே, அது ஒரு படி" என்பார்.

ஒரே ஒரு முறை ஒரு வரி மாறியது. தள்ளுவண்டிக்காரர்கள் உரிமச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எந்நேரமும் வண்டியில் மாட்டி வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரைவு. அக்கா ஒரு சுண்டல்காரரின் 'ஒரு நாள்' எழுதி இணைத்துவிட்டார். கடற்காற்று, தூறல், உப்பு, கூட்டத்தில் ஓடும் பிள்ளைகள், உடையும் கண்ணாடி. புதிதாக வந்திருந்த ஓர் அதிகாரி அதைப் படித்துவிட்டு, கேட்டால் காட்டினால் போதும் என்று மாற்றச் சொன்னாராம். இந்தக் கதை சட்டம் வெளியாகிப் பல மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. அதைச் சொன்ன அன்று தாம்பரம் ஸ்டேஷன் வெளியில் எனக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். "யாருக்கும் தெரியாது. அந்தச் சுண்டல்காரருக்கே தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம்தானா என்று நான் கேட்கவில்லை.

அவரோடு பழகுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன். மகளின் பள்ளியிலிருந்து, பெற்றோர் மதியம் இரண்டரைக்கு நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தால் நான் முணுமுணுத்துக்கொண்டே விடுப்பு போடுவேன். அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் ஓர் அம்மாவுக்கு எத்தனை மணிநேரம் போகும், எத்தனை வீட்டு வேலை கெடும் என்று என்னிடம் விசாரிப்பார். எனக்கு என்ன தெரியும்? மறுநாள் அவரே பம்மல் வரை போய் வந்திருப்பார். "ஒண்ணே முக்கால் மணி நேரம், ஒரு வழி. அதுவும் ஆட்டோ நிறைஞ்சாதான் எடுக்கறான்" என்று வண்டியில் சொல்வார். காது கொடுத்துக் கேட்டாலும் உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும். ஊரில் இருக்கும் விதியெல்லாம் நம் தலைவலியா?

சங்கக் கூட்டங்களில் அவர் வைத்த பெயர் ஒன்று நிலைத்துவிட்டது. கூட்டம் முடியும் நேரத்தில் சமோசாவும் டீயும் வரும். வாசனை வந்ததும் தலைவர் மிச்சமிருக்கும் தீர்மானங்களைப் படபடவென்று படிப்பார். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டே "சரி சரி, ஓகே" என்போம். அப்படி நிறைவேறுகிறவற்றை அக்கா 'டீ மசோதா' என்பார். "இன்னிக்கு எத்தனை டீ மசோதா?" என்று கூட்டம் முடிந்ததும் கேட்பார். அவர் இருந்தால் டீ ஆறிவிடும் என்று எல்லோருக்கும் அவர்மேல் ஒரு பயம்.

அந்த வருடம் நான் சங்கத்தின் இணைச் செயலாளர். எங்கள் குடியிருப்பில் ஒரு திருட்டு நடந்தது. யாரோ ஒருவன் காவலாளியின் கைபேசிக்கு அழைத்து, "மூணாவது மாடி ஓனர் பேசறேன், ஏசி மெக்கானிக் வருவான், விடுங்க" என்றிருக்கிறான். மெக்கானிக் வந்தான், ஒரு மடிக்கணினியோடும் கொஞ்சம் நகையோடும் போனான். யாருக்கும் அடி இல்லை. ஆனால் என்னால் தூங்க முடியவில்லை. என் கணவருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். எட்டாவது படிக்கும் மகள் மூன்றே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து வந்து ஆறரை வரை வீட்டில் தனியாக இருப்பாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் வேறு. அந்த ஏசி மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் என்ற ஒரே நினைவு.

பயத்தில்தான் விதி 7ஐ எழுதினேன். நன்றாக எழுதினேன் என்று அப்போது பெருமைகூடப் பட்டேன். வெளியாள் யாராக இருந்தாலும், வீட்டிலிருந்து இண்டர்காமில் அனுமதி வந்தால் மட்டுமே உள்ளே விட வேண்டும். கைபேசியில் யார் அழைத்துச் சொன்னாலும் ஏற்கக் கூடாது. காவலாளி கேட்டை விட்டு நகரக் கூடாது. மீறினால் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார்.

அக்கா இதைச் சும்மா விட மாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்போது சட்டமன்றக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. அந்த வாரங்களில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகம். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்தே தேர்ந்தெடுத்துக் கூட்டம் வைத்தேன். சமோசா வரும்வரை காத்திருந்து படித்தேன். "சரி சரி" என்றார்கள். அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, கேட்டில் நானே ஒட்டினேன்.

அன்று மாலை ஏழு மணிக்கு அக்கா கைப்பையோடு நேராக என் வாசலுக்கு வந்தார்.

"படிச்சேன். நடந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்கா" என்று பொய் சொன்னேன்.

"யார் கால்ல நடந்து பாத்தீங்க?"

"என்னக்கா கேள்வி இது? பொண்ணு தனியா இருக்கா. நீங்க பெத்திருந்தா உங்களுக்குத் தெரியும்."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் செருப்பு வைக்கும் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி. நிறைவேறிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் கதவைத் திறந்துகொண்டு போனார். மறுநாள் எட்டு மணி வண்டியில் எப்போதும்போல் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

ஐந்தாவது வாரம். ஒரு வியாழக்கிழமை. மகளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்திருந்தால் வேலைக்கே போயிருக்க மாட்டேன். காலையில் நன்றாகத்தான் இருந்தாள். அன்று எனக்கு அலுவலகத்தில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள், வீடு திரும்பும் வண்டியில் இருந்தேன். பல்லாவரம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. நாலு மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு.

"அம்மா... இன்ஹேலர்... காலி. கதவ... தொறந்து வெச்சிட்டேன்."

அவ்வளவுதான். பிறகு மூச்சின் சத்தம் மட்டும்.

அடுத்த தெருவில் ஒரு கிளினிக். அழைத்தேன். நெபுலைசரோடு நர்ஸை ஸ்கூட்டியில் அனுப்பினார்கள். சில நிமிடத்தில் நர்ஸ் கேட்டுக்கு வந்துவிட்டார். காவலாளி பம்மலைச் சேர்ந்தவர், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். இண்டர்காம் அடித்தார். எடுக்க ஆள் இல்லை. நர்ஸ் என்னை அழைத்தார். நான் காவலாளியை அழைத்தேன்.

"அண்ணா, நான்தான் பேசறேன், விடுங்க! பொண்ணுக்கு மூச்சு வாங்குது!"

"மேடம், குரல் உங்குளுதுதான். ஆனா போன்ல யார் சொன்னாலும் உடக்கூடாதுன்னு நீங்கதான மேடம் எழுதி ஒட்டிக்கீறீங்கோ. இதுக்கு முன்னாடி இருந்தவனும் குரல நம்பித்தான உட்டான், அவன தொரத்திட்டீங்கோ. பொண்ண ஒரு தபா இண்டர்காம் எடுக்கச் சொல்லுங்க மேடம், உடனே உட்டுர்றேன்."

"அவளால எடுக்க முடியாதுண்ணா!"

"நான் இன்னா மேடம் பண்றது? நானும் அடிச்சுக்கினேதான் கீறேன்."

அவருக்கும் அழுகை வந்துவிட்டது என்று குரலில் தெரிந்தது. நான் ரயில் பெட்டியில் நின்றுகொண்டு கத்தினேன். கீழ்வீட்டு எண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அக்காவுக்கு அடித்தேன். முந்தின நாளோடு கூட்டத்தொடர் முடிந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்த்ததற்கு ஈடாக அவருக்கு அன்று விடுப்பு. கேம்ப் ரோட்டில் காய் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள், "வெச்சிடுங்க" என்றார்.

மிச்சத்தை நர்ஸ் பிறகு சொன்னதுதான். அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கியவர், காய்ப் பையைச் சாலையிலேயே போட்டுவிட்டு வந்தார். காவலாளி நடுவில் நின்றார். அக்கா அவரைத் திட்டவில்லை. "நீங்க தள்ளிக்கோங்க தம்பி. நீங்க விடல. நான் விட்டேன்" என்று சொல்லித் தாழ்ப்பாளைத் தானே இழுத்துத் திறந்தார். நர்ஸின் பின்னாலேயே மாடி ஏறினார். முழங்கால் வலிக்காரர், லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. என் மகள் திறந்து வைத்திருந்தாள். மூடியிருந்தது நான் எழுதிய விதி ஒன்றுதான்.

ஒன்பது நிமிடம். பதிவேட்டில் இருக்கிறது. நர்ஸ் வந்த நேரம் காவலாளியின் கோணல் எழுத்தில். அதன் கீழே அக்காவின் அச்சடித்தது போன்ற எழுத்தில்: 'விதி 7ஐ மீறி கேட்டைத் திறந்தது நான். காவலாளி அல்ல.' கையெழுத்து, வீட்டு எண், நேரம். மகளுக்கு மூச்சு திரும்பி, ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, கீழே வந்து அவர் முதலில் செய்த காரியம் அதுதான். அதன் பிறகுதான் சிதறிய தக்காளியைப் பொறுக்கினாராம்.

தாம்பரத்தில் மருத்துவமனை வராந்தாவில் இரவு எட்டு மணிக்கு ஒரு பிளாஸ்கோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே மகள் தூங்கினாள். டாக்டர் ஆபத்தில்லை என்று சொல்லியிருந்தார். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஆறுதல் சொல்லவும் இல்லை, 'நான் அப்பவே கேட்டேனே' என்றும் சொல்லவில்லை. காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டு வேறு எதையோ பேசுவது போல ஆரம்பித்தார்.

"ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு உதவித்தொகைச் சட்டம். நடக்க முடியாதவங்களுக்கு. போலிப் பேர்ல வாங்கிடுவாங்களேன்னு எனக்கு ஒரு பயம். விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும்னு ஒரு வரி சேத்தேன். யாரும் சொல்லல, நானாத்தான் சேத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி. மறுநாளே நிறைவேறிடுச்சு. ஒருத்தரும் படிக்கல."

"அப்புறம்?"

"ஒரு நாள் வேற வேலையா ஒரு ஆபீஸ் போயிருந்தேன். ரெண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒருத்தர் தன்னோட தம்பிய முதுகுல தூக்கிட்டு ஏறிட்டிருந்தார். தம்பிக்கே நாப்பது வயசு இருக்கும். திருப்பத்துல நின்னு மூச்சு வாங்கறார். நான் அவங்களத் தாண்டிப் போகணும். எப்படித் தாண்டறது?"

டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பயந்துட்டு எழுதினா நமக்கு திருடன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவான். நீங்க மட்டும் இல்ல. குடிங்க, ஆறுது."

அடுத்த ஞாயிறு அவசரக் கூட்டம். தலைவர் வேகமாக முடிக்கப் பார்த்தார். மூளையில்லாத ஆள், மாற்றிவிடலாம் என்றார். காவலாளி மூலையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நாலைந்து பேர் "ஆமா ஆமா" என்றார்கள். அக்கா எதுவும் பேசவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அவர் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். சமோசா வாசனை வந்துவிட்டது. நான் எழுந்தேன்.

"எழுதினது நான். அக்கா இல்லாத ஞாயித்துக்கிழமையா பாத்து கூட்டம் வெச்சதும் நான். டீ வர நேரமா பாத்துப் படிச்சேன். அவர் அப்படியே படிச்சு நடந்தார். மாத்தணும்னா என்னை மாத்துங்க."

உட்கார்ந்தேன். தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, இப்ப என்ன பண்ணலாம் மேடம்?" என்று அக்காவைப் பார்த்தார்.

"மூணு ஞாயித்துக்கிழமை குடுங்க. இன்னிக்கு அறிமுகம் மட்டும். அடுத்த வாரம் நடந்து பாப்போம். அதுக்கு அடுத்த வாரம் கை தூக்குவோம். அதுவரைக்கும் கேட்ல தம்பி தன் புத்திப்படி விடட்டும். இன்னிக்கு டீய சூடா குடிங்க" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். காவலாளியும்.

நடந்து பார்க்கும் ஞாயிறன்று எங்கள் வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர். கிளினிக் நர்ஸை அக்கா அழைத்திருந்தார். காவலாளி கீழே கேட்டில். நர்ஸ் ஸ்கூட்டியில் தெருமுனையிலிருந்து வர வேண்டும், காவலாளி இண்டர்காம் அடிக்க வேண்டும், நடந்ததை நடந்தபடியே பார்ப்போம் என்றார் அக்கா. மகளிடம் குனிந்து கேட்டார்.

"குட்டி, உனக்கு இஷ்டம் இருந்தா மட்டும். அன்னிக்கு எங்க இருந்த, என்ன பண்ணினன்னு காட்டறியா? வேணாம்னா நான் படுத்துக்கறேன்."

"காட்றேன் ஆன்ட்டி."

அவள் என்னிடம் அந்த ஒன்பது நிமிடத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. சோபாவில் மயக்கமாகக் கிடந்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஏதோ ஒரு நிம்மதிகூட இருந்தது.

வாசல் கதவைத் திறந்து வைத்தாள். சோபாவுக்கு வந்தாள். கீழிருந்து இண்டர்காம் அடித்தது. அது சமையலறைச் சுவரில், ஹாலுக்கு மறுகோடியில் இருக்கிறது. அவள் சோபாவிலிருந்து இறங்கி, தரையில் கையை ஊன்றினாள். முழங்காலில் நகர்ந்தாள். நின்றாள். மறுபடி நகர்ந்தாள். இண்டர்காம் நின்று, மீண்டும் அடித்தது. சாப்பாட்டு மேசையின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுவரைக்கும்தான் ஆன்ட்டி வர முடிஞ்சுது. அடிச்சிட்டே இருந்துச்சு. எடுத்தா விட்ருவாங்கன்னு தெரியும். அம்மா எழுதும்போது நான்தான் ஸ்பெல்லிங் பாத்துக் குடுத்தேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமையலறையில் இண்டர்காம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கீழே இருந்தவருக்கு நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா தன் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, மகளின் கை ஊன்றியிருந்த இடத்தில், தரை ஓட்டில் ஒரு கோடு போட்டார். அங்கிருந்து இண்டர்காம் வரை அடி வைத்து நடந்து பார்த்தார். எவ்வளவு என்று யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து, மகளை எழுப்பிச் சோபாவில் உட்கார வைத்தார். பிறகு மேசைமேல் இருந்த வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து என்னிடம் நீட்டினார். நான் நாற்காலியை இழுத்தேன்.

"அங்க இல்ல" என்றார் அக்கா. சாக்பீஸ் கோட்டைக் காட்டினார்.

"இங்க உக்காந்து எழுதுங்க."